மகளுக்கென்று ஒதுக்கிய பாத்தி

முடிச்சூர் தாண்டி, அடையாற்றங்கரையில் கீரை போட்டுக்கொண்டிருந்தார் அவர். வெயிலில் வற்றிய நெடிய உடம்பு. உரம் தூவி முடித்ததும் சாக்கைக் கவிழ்த்து, மிச்சத்தையெல்லாம் ஓரப் பாத்தியில் உதறுவார்.

"அதுக்கு மட்டும் என்ன தனி கவனிப்பு?" என்றேன் ஒருநாள்.

"எம் பொண்ணோட பாத்தி சார். சின்னதுலேர்ந்து இதைத் துன்னுதான் வளந்தா. இப்போ மாசமா கீறா. விக்கிறதும் இதுவும் ஒண்ணாவுமா?"

பிறகு மண்ணைச் சோதித்த கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். வருஷக்கணக்காக உரத்தோடு வந்த காட்மியம் என்னும் நச்சு உலோகம் நிலத்திலும் ஆற்று வண்டலிலும் படிந்திருக்கிறதாம், கீரையிலும் ஏறுமாம். எல்லாவற்றையும்விட அதிகம், அந்த ஓரப் பாத்தியில்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில், பெரும்பாக்கத்திலிருந்து மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"இன்னாப்பா, கீரை எப்போ எடுத்துகினு வருவ?"

பச்சைப்பசேலென்று நின்ற பாத்தியைப் பார்த்தபடி, "பூச்சி அடிச்சிடுச்சும்மா, ஒண்ணுமே தேறல" என்றார்.

"நீயெல்லாம் ஒரு விவசாயி!" அவள் சிரித்தாள். "சரி, அந்த மண்ணுலயே ஒரு பக்கெட் எடுத்துகினு வா. பால்கனில நானே போட்டுக்கறேன்."

அவர் போனை என் பக்கம் நீட்டினார். நான் சொல்வேன் என்று நினைத்தாரோ, தன்னால் அதைப் பிடித்திருக்க முடியவில்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அப்பா, கேக்குதா?" என்றாள் அவள்.