பட்டினி போட்டால் புற்று சாகுமா?

காலையில் பட்டினியாக வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, "நிஜமாவே ஒண்ணும் சாப்பிடலையே?" என்று போலீஸ்காரன் மாதிரி மிரட்டுவதுதான் பெட் ஸ்கேன்காரன் பிழைப்பு, என்னோடு சேர்ந்து மிரட்டும் சகாக்களுக்கு இது புரியும். கதிர்வீச்சுள்ள சர்க்கரையை ஊசியில் ஏற்றுவோம். புற்றுச் செல்கள் அதை அள்ளிக் குடித்துவிட்டுத் திரையில் பளிச்சென்று மாட்டிக்கொள்ளும்.

வெறும் வயிறு

கழுத்தில் நிணநீர்ப் புற்றோடு தஞ்சாவூரில் எங்களிடம் வந்தார் கோவிந்தராஜ், திருவிடைமருதூர்ப் பக்கத்து விவசாயி. ஊசிக்கு முன் ரத்தத்தைப் பார்த்தால் சர்க்கரை எகிறி நிற்கிறது. கோயிலில் சர்க்கரைப் பொங்கலை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்திருக்கிறார். ரத்தத்தில் சாப்பாட்டுச் சர்க்கரை நிறைந்திருந்தால் ஊசிச் சர்க்கரை புற்றுக்குள் சரியாக ஏறாது, படம் மங்கிவிடும். வேறு நாள் வரச் சொல்லிக் கத்தினேன். அவர் மனைவி மல்லிகா என்னைத்தான் முறைத்தார்.

"சாப்பாடா சார் அது? சாமி குடுத்தது!"

சோற்றுக்குத் தடை

சிகிச்சை தொடங்கியபின் பார்த்தேன், ஆள் பாதியாகிவிட்டார். புற்று சர்க்கரையைத் தின்னும், சோறு சர்க்கரையாகும் என்று எவனோ செல்போனில் சொல்ல, மல்லிகா சோற்றை நிறுத்திவிட்டார். நெல் விளைவிக்கிறவருக்குச் சோறு கிடையாது! எடை சரிந்ததால் டாக்டர் அடுத்த மருந்தைத் தள்ளிவைத்துவிட்டார். தள்ளிப்போனால் கட்டிக்குத்தான் கொண்டாட்டம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "புற்றுச் செல் சர்க்கரையை முழுசா எரிக்காதும்மா. அரைகுறையா எரிச்சு அமிலத்த வெளியில கொட்டும், மிச்சத்துல புதுச் செல் கட்டும். நீங்க சோத்த நிறுத்தினா, உடம்பு சொந்தச் சதையக் கரைச்சுச் சர்க்கரை பண்ணி அதுக்கு ஊட்டும்" என்றேன்.

கோவிந்தராஜ் தலையாட்டினார். "மேல்மடைக்காரன் மாதிரி. வாய்க்கால்ல தண்ணி கொறஞ்சாலும் அவன் வயல் காயாது, நம்ம வயலுதான் காயும்."

மல்லிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப இவரையா சார் நான் காயப்போட்டேன்?"

தொண்டை

சோறு திரும்பியது, எடை ஏறியது, மருந்தும் முடிந்தது. புற்று போய்விட்டதா என்று பார்க்கும் ஸ்கேன். கழுத்துக் கட்டிகள் அணைந்திருந்தன. ஆனால் குரல்வளையில் இரண்டு பக்கமும் பளிச்! டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நேத்து என்ன பண்ணுனீங்க?" என்றார் டாக்டர். வயல்களுக்கு நடுவே எரிவாயுக் கிணறு தோண்ட வருகிறார்களாம். அதை எதிர்த்துச் சாலை மறியலில் நாள் முழுக்கக் கோஷம் போட்டிருக்கிறார் மனுஷன். உழைத்த தசையும் சர்க்கரை குடிக்கும். இருந்தாலும் தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி ஸ்கேனுக்கு முந்தின நாள் கத்தக் கூடாது என்றேன். கோவிந்தராஜ் கம்மிய குரலில் கேட்டார்:

"வாய மூடுனா நெலம் போவுது, தொறந்தா நீங்க உசுரு போச்சுங்கறீங்க, நான் எப்பதான் சார் பேசுறது?"

அன்றிலிருந்து "சாப்பிட்டீங்களா?" என்பதோடு "போராட்டத்துக்குப் போனீங்களா?" என்றும் நான் கேட்பதால், ஆளுங்கட்சி வைத்த உளவாளி என்று டெல்டா முழுக்க எனக்குப் பெயர்.