முதுகுப் பாட்டு

எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. அதை வேறு யார் வீட்டிலும் நான் பார்த்ததில்லை. அத்தா, அதாவது என் அப்பா, தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். நான் அவருக்கு முன்னால், முதுகைக் காட்டி உட்காருவேன். கீபோர்டில் வாசிப்பது போலவே இரண்டு கை விரல்களாலும் என் முதுகில் ஒரு பாட்டை வாசிப்பார். சத்தம் மட்டும் இருக்காது. அது என்ன பாட்டு என்று நான் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த பாட்டு, தோற்றுப்போனால் கிச்சுக்கிச்சு. நடுவில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஆட்டம் கலைந்துவிடும். இதற்கு முதுகுப் பாட்டு என்று பெயர் வைத்தது நான்தான்.

பாட்டுகளுக்கும் நானே பெயர் வைத்திருந்தேன். எந்தப் படம், யார் பாடியது என்பதெல்லாம் எனக்கெதற்கு? ஒன்று மழைப் பாட்டு. ஒன்று ரயில் பாட்டு. இன்னொன்று அம்மா கோபப் பாட்டு. கச்சேரிக்குப் போய் நேரம் கழித்து வந்தால், மறுநாள் காலையில் அத்தா அதைத்தான் கீபோர்டில் வாசிப்பார். அடுப்படியில் அம்மா பாத்திரங்களை டமால் டமால் என்று வைத்துக்கொண்டிருப்பாள். முதல் சரணம் முடியும்போது சத்தம் கொஞ்சம் குறையும். இரண்டாவது சரணத்தில் டீ வந்துவிடும்.

அப்போது நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். அத்தாவுக்குக் கூடுவாஞ்சேரியில் ஒரு பெயின்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கிற வேலை. காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் வருவார். சனி ஞாயிறு வந்தால் ஆள் வேறு. இஸ்திரி போட்ட பளபளா சட்டை, தோளில் கீபோர்டுப் பை, தெருமுனையில் மெல்லிசைக் குழுவின் வேன். கருங்குழியில் கல்யாணம் என்பார்கள், மாமல்லபுரத்தில் ஓட்டல் என்பார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடத்தில் அம்மன் பாட்டு வாசிப்பார், மாதா கோயில் திருவிழாவில் மாதா பாட்டு வாசிப்பார். பாயே, நீங்க எப்படி என்று யாராவது கேட்டால், விரலுக்கு என்னங்க தெரியும் என்று சிரித்துவிட்டுப் போவார்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, இந்தச் சிரிப்பைப் பார்த்தாலே கொதித்துப்போவார். நாலு எழுத்து ஓதின குடும்பம், மாப்பிள்ளை மேடையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார் என்று வரும்போதெல்லாம் ஆரம்பிப்பார். அத்தா எல்லாவற்றுக்கும் தலையாட்டி, அவருக்கு டீ கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வருவார். மாமா சொல்லி அத்தா எதையும் விட்டதில்லை. பீடியைக்கூட விடவில்லை. அதனால் பின்னால் நடந்ததற்கு மாமாதான் காரணம் என்று நான் வருஷக்கணக்காக அவர்மேல் காட்டிய கோபம் முழுக்க வீண்.

அந்த வருஷம் நோன்பு முடிந்த பிறகும் அத்தா தொழுகையை விடவில்லை. அதுவரை வெள்ளிக்கிழமைக்கு ஒருதரம் போகிறவர், ஐந்து வேளையும் தொழ ஆரம்பித்தார். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அவருக்கே அது பிடித்துப்போயிற்று. தொழுது முடித்ததும் பாயைச் சுருட்டாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். முகம் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் என்ன கேட்டாலும் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் ரயில் தாமதம். பள்ளிவாசலில் மஃரிப் ஜமாஅத், அந்திநேரக் கூட்டுத் தொழுகை, முடிந்துவிட்டது. அத்தா அவசரமாகக் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வீட்டுக் கூடத்திலேயே தொழ நின்றார். நான் அவருக்கு இடது பக்கம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். கை கட்டி நிற்கும்போது வலது கையின் கட்டை விரலும் சுண்டு விரலும் இடது மணிக்கட்டை வளைத்துப் பிடித்திருக்க வேண்டும், நடுவில் இருக்கிற மூன்று விரலும் சும்மா படிந்து கிடக்க வேண்டும். நான் ஓதப்போகும் இடத்தில் பையன்களுக்கு ஹஜ்ரத் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார். அத்தாவின் மூன்று விரலும் சும்மா கிடக்கவில்லை. மெல்ல, ரொம்ப மெல்ல, ஒன்று மாற்றி ஒன்றாக அமுங்கி எழுந்துகொண்டிருந்தன. உதடு ஓதிக்கொண்டிருக்கிறது, கண் தரையில் இருக்கிறது, விரல் தன் பாட்டுக்கு வேறு வேலையில் இருக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம். முதுகு இல்லாமல் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கிற ஆட்டத்தை அன்றுதான் முதல்முறையாக ஆடுகிறேன்.

கடைசி இருப்பில் வலது பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தார். பிறகு இடது பக்கம் திரும்பினார். அங்கே நான் காத்திருந்தேன்.

"அத்தா, ரயில் பாட்டுதானே?"

அவருக்குப் புரியவில்லை. நான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் விரல் எப்படி ஓடியது என்று வாசித்துக் காட்டினேன். சரணம் முழுக்க வாசிச்சீங்க, பல்லவிக்குத் திரும்பறதுக்குள்ள ருகூவுக்குக் குனிஞ்சிட்டீங்க என்றும் சொன்னேன். விவரமான பெண் அல்லவா நான். அத்தா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் எழுந்து, மறுபடி கையை உயர்த்தித் தக்பீர் கட்டி, முதலிலிருந்து தொழ ஆரம்பித்தார். இந்தத் தடவை மூன்று விரலும் கையை அழுத்திப் பிடித்திருந்தன. நகமெல்லாம் வெளுத்திருந்தது. சரி, கண்டுபிடித்துவிட்டேன் என்பதால் ஆட்டத்தைக் கஷ்டமாக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை தெருமுனையில் வேன் வந்து ஹாரன் அடித்தபோது, காய்ச்சல் என்று என்னைவிட்டுச் சொல்லச் சொன்னார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவரே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். கீபோர்டைத் துடைத்துப் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, பரண்மேல் ஏற்றினார். மாமா கேள்விப்பட்டு இனிப்போடு வந்தார். அம்மா சேமியா கிண்டினாள். எல்லோரும் அத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அத்தா பெரிய பரீட்சை எழுதிவிட்டு முடிவு தெரியாமல் இருப்பவர் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பொய் சொல்வானேன், அம்மாவுக்கும் முதலில் சந்தோஷம்தான். மனுஷன் இனி நேரத்துக்கு வீட்டில் இருப்பார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த மாதமே காலையில் பாத்திரச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அத்தா எங்கேயும் போகவில்லை, நேரம் கழித்து வரவில்லை, அம்மாவுக்குக் கோபப்படக் காரணமே கிடையாது. ஆனாலும் டமால் டமால். அத்தா கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் குறையவே குறையாது. டீ மட்டும் வந்துவிடும். அம்மா தம்ளரை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

ஏன் வாசிக்கறதில்ல என்று நான் நச்சரித்ததற்கு அவர் ஒரே ஒருதரம்தான் பதில் சொன்னார். "அங்க நிக்கும்போது அங்க மட்டும் நிக்கணும்மா. என்னால ரெண்டு எடத்துல நிக்க முடியல." நான் பேந்தப் பேந்த விழித்தேன். ஒரு ஆள் எப்படி இரண்டு இடத்தில் நிற்பார்?

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீபோர்டைப் பரணிலிருந்து இறக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசிக்கப் போகிறார் என்று ஓடிப்போய் எதிரில் உட்கார்ந்தேன். அவர் பையைத் திறக்கவேயில்லை. மாமல்லபுரம் போறேன், வர்றியா என்றார். கடல் என்றதும் நானும் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் இரண்டு பேர் மடியிலுமாகப் பையைக் குறுக்கே வைத்துக்கொண்டு போனோம். பஸ் குலுங்கும்போதெல்லாம் அத்தா அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

மெல்லிசைக் குழுவை நடத்தியவர் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை வைத்திருந்தார். வாரத்தில் ஐந்து நாள் கல், இரண்டு நாள் பாட்டு. எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அந்த ஞாயிறு கச்சேரி இல்லை போல, நாங்கள் போனபோது புருவம் வரைக்கும் கல்தூசியோடு ஒரு யானையின் காதைச் செதுக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர் உளியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். டக் டக் டக் என்று அது ஒரு தாளமாகவே விழுந்துகொண்டிருந்தது. அத்தா இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"இன்னா பாய், யாராச்சும் பேஜாரு பண்றாங்களா? சொல்லு, நான் வந்து பேசிக்கிறேன்" என்றார் மாஸ்டர்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலண்ணே."

"பின்ன இன்னாத்துக்கு?"

அத்தா என் தலைமேல் கையை வைத்துச் சொன்னார். "தொழுகையில நிக்கறேன். விரலு தானா வாசிச்சிகினு கீது. எனக்கே தெரியலண்ணே. இந்தப் பொண்ணு பாத்துட்டு இன்னா பாட்டுன்னு கரெக்டா சொல்லுது."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டில் கிடைக்காத பாராட்டு இங்கே, மாஸ்டர் முன்னால், இத்தனை பேருக்கு நடுவில் கிடைக்கிறது. நிமிர்ந்து நின்றுகொண்டேன். மாஸ்டர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே ரொம்ப நேரம் பார்த்தார். கெட்டிக்காரப் பொண்ணு என்றார். ஆனால் சிரிக்கவில்லை. மாஸ்டர் எப்போதுமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நீயே வச்சிக்கோ பாய், வாசிக்காட்டி போவுது, வூட்ல ஒரு மூலையில கெடக்கட்டும் என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்தார்.

"கெடந்தா வாசிச்சிடுவேண்ணே" என்றார் அத்தா.

மாஸ்டர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பையை வாங்கிக்கொண்டார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது மாஸ்டர் ஒரு குட்டிக் கல் ஆமையை என் கையில் வைத்தார். தெருமுனை திரும்பும்வரை உளிச் சத்தம் கேட்கவில்லை. பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள் போல.

கடற்கரையில் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். தோளில் பை இல்லாமல் அத்தா ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்ததாக எனக்குத் தோன்றியது. அதுவரை கடல் குஷியில் இருந்த எனக்கு, அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, கீபோர்டு வீட்டுக்குத் திரும்பி வரப்போவதில்லை என்று. அழுகை அழுகையாக வந்தது. ஆனால் எனக்கும் மூளை இருந்தது. அழுவதற்குப் பதில் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"அத்தா, முதுகுப் பாட்டு வாசிங்க. அதுல சத்தமே வராதே. யாருக்கும் கேக்காது."

"அல்லாவுக்குக் கேக்குமேம்மா."

"கேட்டா என்ன? நீங்க நல்லாத்தானே வாசிப்பீங்க?"

நான் விடுவதாக இல்லை. எழுந்துபோய் அவருக்கு முன்னால் மணலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அலை வந்து வந்து போயிற்று. பக்கத்தில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். அத்தா எழுந்து போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் என் முதுகில் அவர் கை பட்டது. விரல் நுனி இல்லை. இரண்டு உள்ளங்கையும் முழுசாக, சூடாக, அப்படியே படிந்திருந்தன.

கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தன. பிறகு அசைந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தேன். மழைப் பாட்டு இல்லை. ரயில் பாட்டு இல்லை. அம்மா கோபப் பாட்டும் இல்லை. மேல் சுரம் எது, கீழ்ச் சுரம் எது என்று பிடிபடவில்லை. இரண்டு கையும் ஒரே மாதிரி நடுங்கி நடுங்கி நின்றன, மறுபடி நடுங்கின. எங்கே பல்லவி, எங்கே சரணம், ஒன்றும் தெரியவில்லை. இத்தனை கஷ்டமான பாட்டை அவர் எனக்கு வாசித்ததேயில்லை.

"தெரியலத்தா" என்றேன். "இது புதுப் பாட்டு."

உள்ளங்கை இரண்டும் முதுகிலேயே இருந்தன. திரும்பிப் பார்த்தால் ஆட்டம் கலைந்துவிடும் என்பதால் நான் திரும்பவில்லை. தோற்றுப்போய்விட்டேன், இப்போது கிச்சுக்கிச்சு மூட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு, முன்கூட்டியே சிரித்தபடி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.