மூன்றாவது கோடு

அந்த மினுக்கத்தைக் கண்டுபிடித்தது நான் அல்ல. என் அண்ணி. திருட்டு அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை… கண்டுபிடித்தவரிடமே, "நீங்கதான் எல்லாத்தையும் கெடுத்தீங்க" என்று சொல்லி, பதினோரு வருடமாக அவர் அதை நம்பும்படி விட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு அலமாரியில் என் கிண்ணம் ஒன்று இருக்கக்கூடும். இருந்தால் எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோங்கள். நேராகப் பார்த்தால் செம்பு நிறம். கொஞ்சம் சாய்த்தால் பொன். இன்னும் சாய்த்தால் புறாவின் கழுத்தில் ஓடுகிற பச்சையும் ஊதாவும். வெளிப்பக்கத்தில் நான்கு கோடுகள் சேர்ந்து வளைந்து ஓடும். அவற்றில் மூன்றாவது மட்டும் பாதி வழியில் நின்றுவிடும். அடியில் என் பெயர் இருக்கும்.

அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமைதான். அதில் பொய் சொல்லப் போவதில்லை. வெறும் களிமண்ணில் உலோகத்தின் ஒளியை வரவழைக்கிற கை, எனக்குத் தெரிந்து இந்த ஊவா மலைகளில் இன்னொன்று இல்லை. தலைக்கனம் என்கிறீர்களா? ஆமாம், தலைக்கனம்தான். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவள் தன் பெருமை பேசுகிறாளே என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தப் பெருமைதானே குற்றத்தின் வேர்… அதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் எப்படிச் சொல்வேன்?

நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பிறந்தவள். அண்ணனுக்குத் தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை. அண்ணி கொழுந்து பறிப்பவர். கல்யாணத்துக்கு முன் தேயிலை ஃபெக்டரியில் இருந்தபோது, கொழுந்து அரைக்கும் ரோலரில் அவருடைய வலது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது. மேல் கணுவே இல்லை.

அந்தக் கையால்தான் எனக்கு ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தார். கொழும்பில் மட்பாண்டக் கலை படித்த நான்கு வருடமும், விடுமுறை முடிந்து நான் ரயில் ஏறும்போதெல்லாம் பை கனக்கும். படிப்பை முடித்துக்கொண்டு வந்து, லயத்துக்குப் பின்னால் சூளை கட்டப் போகிறேன் என்றதும் தோட்டமே சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. வேலை விட்டு வந்து, கால் கழுவாமல், எனக்கு மண் மிதித்துக் கொடுத்தார்.

அது ஒரு மழைக்காலம். எல்லவில் ஒரு ஹோட்டல் பத்து வெள்ளைக் கிண்ணங்கள் கேட்டிருந்தது. என் கைக்கு வந்த முதல் பெரிய வேலை. கண்ணாடிப் பூச்சுப் போட்டுச் சுட்டு, வெள்ளைவெளேரென்று எடுத்து, உள்விளிம்பில் நீலக் கொடி வரைந்து வைத்திருந்தேன். அந்த நீலம் பிடித்து நிற்க, இன்னொரு முறை இளஞ்சூட்டில் சுட வேண்டும்.

அன்று அண்ணிக்கு வேலையில்லாத நாள். கிண்ணங்களை அடுக்கி அனுப்பப் பெட்டிகள் வாங்க நான் பதுளைக்குப் புறப்பட்டேன். "பத்து மணிக்குள்ள வந்துருவேன் அண்ணி. வரலைன்னா நீங்களே கிண்ணத்த உள்ள வச்சு மூட்டிருங்க. பெரிய நெருப்பு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனேன். பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. வீடு வந்து சேர மாலை நான்கு மணி. சூளை புகைந்துகொண்டிருந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, அந்த மிலாறுதான் எங்களுக்கு விறகு. அது மழையில் நனைந்திருந்ததால் நெருப்பைவிடப் புகையே அதிகம்.

மறுநாள் காலை, ஆறியபின் திறந்தேன். ஒரு வெள்ளைக் கிண்ணமும் இல்லை. பத்தின் வெளிப்புறத்திலும் கரிந்த மண் அப்பிக் கிடந்தது.

அண்ணி என் பின்னால் நின்று சந்தோஷமாகச் சொன்னார். "நாந்தான் செம்மண்ணு கரைச்சுப் பூசுனேன் தங்கச்சி. பூசாம யாராச்சும் சட்டிய வெறகு அடுப்புல ஏத்துவாங்களா? கரி புடிச்சுப் போகுமே. இப்ப கழுவிப் பாரு, சுத்தமா வந்துரும்."

எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் செய்கிற காரியம் அது. அடுப்பில் ஏற்றும் முன் சட்டியின் வெளிப்புறத்தில் சேறோ சாம்பலோ பூசுவார்கள். கரி சட்டியில் ஒட்டாமல் பூச்சில் ஒட்டும். கழுவினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். என் வெள்ளைக் கிண்ணங்களைப் புகையிலிருந்து காப்பாற்றத்தான் அவர் பூசியிருக்கிறார். அது எனக்கு அந்த நிமிடமே தெரியும்.

தெரிந்தும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எவ்வளவு சொன்னாலும் ஒங்களுக்கெல்லாம் இந்தக் கூலிப் புத்தி போகாது அண்ணி."

லயத்தில் பிறந்த வாய் சொன்னது! எங்களை யாராவது அந்தச் சொல்லால் அழைத்தால் சண்டைக்குப் போகிறவள் நான். அண்ணி பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, பெயர் கூப்பிட்டுவிடுவார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

நான் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்து மழைநீர்க் கானுக்குள் வீசினேன். ஏழு உடைந்தன. மூன்று சேற்றில் விழுந்து தப்பின. பிறகு மழை வந்தது. கானில் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

மழை விட்டதும், உடைந்ததைப் பொறுக்கலாம் என்று இறங்கினேன். கிடந்த கிண்ணம் ஒன்றில் மண் கரைந்த இடத்தில் ஏதோ பளிச்சிட்டது. பெருவிரலால் தேய்த்தேன். மண் உதிர உதிர… செம்பு. பொன். பச்சை. சேறு பட்ட இடமெல்லாம் மினுக்கம். அது அண்ணி கடைசியாகப் பூசிய கிண்ணமாக இருக்க வேண்டும். சேறு போதாமல் நான்கு விரல்களால் ஒரே இழுப்பாக வழித்துவிட்டிருந்தார். அந்த விரல்கள் போன வழியே நான்கு பொற்கோடுகள். குட்டை விரலின் கோடு மட்டும் பாதியில் நின்றிருந்தது.

அங்கேயே, கானுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அப்போதே அண்ணி கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலைக்கு ஓடியிருக்கலாம். "அண்ணி, வந்து பாருங்க" என்றால் போதும். ஏன் ஓடவில்லை? கால் சகதியில் புதைந்தா போயிற்று? மாலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாலைக்குள் மனம் வேறு வழியில் போய்விட்டது. நான்கு வருடம் படித்த எனக்கு வராதது, எட்டாம் வகுப்போடு நின்றவரின் சட்டிப் பழக்கத்தில் வந்துவிட்டதா? இதைக் கொழும்பில் யாரிடம் போய்ச் சொல்வேன்?

மூன்று கிண்ணங்களையும் பழைய சேலையில் சுற்றி என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அண்ணி வாசலிலேயே நின்றார்.

"கழுவிப் பாத்தியா தங்கச்சி?"

"எல்லாம் ஒடைஞ்சு போச்சு."

"ஒன்னுகூட மிஞ்சலையா?"

"இல்ல."

அதோடு விட்டேனா? திட்டுகிற மாதிரியே எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன். எங்கே எடுத்த மண், எதில் கரைத்தீர்கள், எவ்வளவு நேரம் எரிந்தது… அண்ணி தலை குனிந்து, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். "கானுல எடுத்த செம்மண்ணுதான். ஒங்கண்ணன் மருந்து கலக்குற பழைய வாளியில கரைச்சேன். அடியில மருந்து காஞ்சு கெடந்துச்சு. அதாலதான் கெட்டுப் போச்சோ?"

தேயிலையில் கொப்புள நோய் வராமல் அடிக்கிற மருந்து அது. அதில் செம்பு இருக்கிறது. செம்பு, செம்மண், ஈர மிலாற்றின் புகை. என் படிப்பு அந்த இடத்தில்தான் விழித்துக்கொண்டது.

"ஆமா. அதாலதான் கெட்டுச்சு" என்றேன்.

"என்னால ஒனக்கு இப்பிடி ஆயிருச்சே. இனிமே நான் சூளப் பக்கமே வரல தங்கச்சி."

சொன்னபடியே அவர் வரவில்லை.

அதன்பின் நான் உழைத்த உழைப்பையும் நீங்கள் கேட்க வேண்டும். இரண்டு வருடம். புகை மிஞ்சினால் கறுத்துப் போகும். குறைந்தால் மினுக்கம் ஏறாது. எந்த நேரத்தில் மிலாற்றைத் திணிப்பது, எப்போது காற்று வழியை அடைப்பது என்று சூளையின் முன் கிடந்து கற்றேன். இமைமயிர் பொசுங்கியது. அண்ணி தெரியாமல் ஒருமுறை செய்ததை நான் தெரிந்து பல நூறு முறை செய்திருக்கிறேன். அந்தக் கிண்ணங்கள் அழகு! யார் வந்து சொன்னாலும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்படியானால் அது என் கண்டுபிடிப்புத்தானே? இப்படித்தான் எனக்கு நானே வழக்காடுவேன். ஒவ்வொரு முறையும் ஜெயிப்பேன்… ஜெயித்த பிறகும் வாசலில் நின்ற அந்த முகம் போகாது.

நான்கு கோடுகள் என் அடையாளமாகிவிட்டன. தூரிகையால் போட்டால் அந்த உயிர் வரவில்லை. விரலால் வழித்தாலும் மூன்றாவது கோடு மற்றவற்றோடு சேர்ந்து நீண்டுவிடுகிறது. கடைசியில் ஒரு வழி கண்டேன். மோதிர விரலை மடக்கிக்கொண்டு, கணுவால் வழித்தேன். அப்படியே வந்தது.

கொழும்பில் என் முதல் கண்காட்சி. ஒரு பெண்மணி கேட்டார், மூன்றாவது கோடு ஏன் குட்டை என்று. நான் தயங்கவே இல்லை. "பாதியில் நின்றுபோன எங்கள் மக்களின் பாதை அது" என்றேன். கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் சபை நடுவில் மறைத்தேன். வெட்கப்பட்டேனா? அன்று இல்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பதுளையில் சொந்தப் பட்டறை போட்டு, பால் காய்ச்சிய நாளில்தான் முதன்முதலாகக் குத்தியது. "நீங்க வந்து மொத நெருப்ப மூட்டுங்க அண்ணி" என்றேன். ஏதோ பரிகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"வேணாம் தங்கச்சி. என் கை ராசியில்லாத கை. ஒனக்குத் தெரியாததா?"

எல்லோரும் நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கை ராசியான கையாகியிருக்கும். நான் தீப்பெட்டியை வாங்கி நானே மூட்டினேன். இன்றுவரை அண்ணி என் வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் உட்காருவார், வெங்காயம் உரிப்பார், பட்டறையின் நிலைப்படியைத் தாண்ட மாட்டார். தான் பட்டால் உடைந்துவிடும் என்று பயம். அவருக்கு நான் ஒரு கிண்ணமும் கொடுத்ததில்லை. கையில் எடுத்துப் பார்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

போன வருடம் கொழும்பில் ஒரு கலைக்கூடம் என் முதல் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் நிரந்தரமாக வைத்தது. ஆம், கானிலிருந்து எடுத்த அதே கிண்ணம். வேறு எதைக் கொடுத்திருந்தாலும் ஏற்றிருப்பார்கள். ஆனால் அதுதான் எல்லாவற்றிலும் அழகானது… என் பெருமை அழகானதைத்தான் கொடுக்கச் சொன்னது. அண்ணன் விடாப்பிடியாக அண்ணியையும் ரயிலேற்றிக் கூட்டி வந்துவிட்டார்.

எல்லோரும் என்னைச் சூழ்ந்து நின்ற நேரம். திரும்பிப் பார்க்கிறேன், அண்ணி அந்தப் பெட்டியின் முன் தனியாக நிற்கிறார். வலது கையைத் தூக்கி, கண்ணாடியின் மேல் நான்கு விரல்களையும் கோடுகளுக்கு நேராக வைத்திருந்தார். குட்டை விரல், குட்டைக் கோட்டுக்கு நேராக நின்றது.

கிட்டப் போனேன். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னைக்கு எல்லாம் ஒடைஞ்சு போச்சுன்னியே தங்கச்சி?"

இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்குமா? சுற்றிலும் ஆட்கள். கண்ணாடிக்குக் கீழே என் பெயர்.

"இது வேற, அண்ணி."

அவர் கையை இறக்கி முந்தானைக்குள் விட்டுக்கொண்டார்.

"அப்பிடியா… அழகா இருக்கு. ஒன் கை அப்பிடி."

அவருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா? ஊர் திரும்பும் ரயிலில் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். பதுளை வரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அந்தக் கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. அண்ணிக்கு வாசிக்கத் தெரியும். இந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு மணிநேர பஸ் பயணம் போதும். நான் போகவில்லை. இன்று காலை புதிதாக ஆறு கிண்ணங்களை எடுத்து வைத்து, செம்மண் சேற்றில் கையைத் தோய்த்தேன். மோதிர விரலை மடக்கிக்கொண்டேன்.