கூட உட்காரத் தெரிந்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் சந்தானம் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் ஜனக்புரி பஜனைக் குழுவின் மூத்த உறுப்பினர் அவர். "வசந்தா மேடம் போயிட்டாங்க சார். தூக்கத்துலயே" என்றவர், கொஞ்சம் தயங்கி, "மதம் மாறினவங்களாச்சே, எந்த முறைப்படி பண்ணுவாங்க? மாலை வாங்கிட்டுப் போலாமா?" என்று கேட்டார். இருபது வருடத்துக்கு மேலாகச் சுற்றிவரும் அந்தப் பேச்சு, கண்ணை மூடிய பிறகும் அவரை விடவில்லை. அதற்கு ஒரு முடிவு கட்டத்தான் நம் தமிழர்களின் இந்த மலரில் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி வசந்தகுமாரி ஓர் அமைச்சகத்தில் ஸ்டெனோவாக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கம். கணவரைச் சிறு வயதிலேயே இழந்து, மகள் நிஷாவைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். தொண்ணூறுகளில், இந்தத் தலைநகருக்கு மெட்ரோ வராத காலத்தில், நாங்கள் மாதக் கட்டணம் கட்டி ஒரே சார்ட்டர்ட் பஸ்ஸில் செயலகத்துக்குப் போவோம். முன்வரிசைகள் எங்கள் தமிழ்க் கூட்டத்துக்கு. பஸ் கிளம்பியதும் பஜனை தொடங்கிவிடும்; பின்னால் சீட்டாடும் பஞ்சாபிகளும் சேர்ந்து தாளம் போடுவார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பவர் வசந்தா மேடம். குழுவின் செயலாளர் நான். ஆர்.கே.புரம் வரை எங்களுக்குப் பெயர் இருந்தது. விழா என்றால் மேடையில் முதல் இடம் எங்களுக்குத்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே.

ஒரு மார்ச் மாதத் திங்கட்கிழமை அவர் பாடவில்லை. கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருந்தார். தொண்டை சரியில்லை போலும் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரமாகியும் வாய் திறக்காததால் கேட்டேன்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு சார். பாடும்போது யாரு தாளம் தப்புதாங்கன்னு பாக்கேன். எம் பாட்டை யாரு ரசிக்காங்கன்னு பாக்கேன். சாமி நெனப்பே வரமாட்டேங்கு. கொஞ்ச நாள் சும்மா இருந்து பாக்கேனே."

"பாடிக்கிட்டே நினைங்க மேடம். ராமநவமி வருது, மேடை இருக்கு."

"சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது சார். நீங்கதான் கோவிச்சுக்கிடுதீங்க" என்று சிரித்தார்.

உண்மைதான், கோபித்துக்கொண்டேன். அவர் இல்லாமல் எங்கள் பஜனை பாதி வழியில் வரும் தௌலா குவானைத் தாண்டுவதற்குள் ஆளுக்கொரு சுருதியில் போயிற்று. அந்த வருட விழாவில் எங்களைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். அப்போது பந்தலில் நாற்காலி மடக்குபவர்கள்தான் மிச்சம்.

அவரோ மதிய இடைவேளையில் எங்காவது போய் அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வருவார். ஒருநாள் குருத்வாரா, ஒருநாள் பழைய சமாதித் தோட்டத்தில் வேப்பமரத்தடி. வெயில் ஏறியதும் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த சர்ச். அங்கிருந்து வெளியே வந்தவரை ஒருநாள் நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். "அங்கதான் சார் யாரும் பேசமாட்டாங்க. ஃபேனும் ஓடுது" என்றார். விஷயம் அவ்வளவுதான். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் குழுக் கூட்டத்தில், வசந்தா மேடம் ஏன் வருவதில்லை என்று கேட்டபோது, "அவங்க சர்ச்சுக்குப் போயிட்டிருக்காங்க. ஆளே மாறிட்டாங்க" என்று சொன்னேன். மதம் என்ற சொல்லை நான் சொல்லவில்லை, கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். அந்த நவராத்திரிக்குப் பள்ளிக்கூடம் போகும் நிஷாவைக்கூட ஒரு வீட்டிலும் கொலுவுக்குக் கூப்பிடவில்லை. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாளாம். எங்கள் வீட்டிலும் கொலு வைத்திருந்தோம்.

இரண்டு வருடம் கழித்து என் மனைவி கமலாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் படுக்கை. குழுவினர் வந்தார்கள், விபூதி கொடுத்தார்கள், பரிகாரம் சொன்னார்கள், கிளம்பிவிட்டார்கள். வசந்தா மேடம் யாரும் அழைக்காமலே வந்தார். அலுவலகம் முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கினால் நேரே எங்கள் வீடுதான். மறுநாளைக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டுக் கமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். பேச்சே இருக்காது. "இவங்க வந்துட்டுப் போனாத்தாங்க எனக்குப் பயம் தெளியுது" என்பாள் கமலா.

"எங்களுக்காகக் கொஞ்சம் வேண்டிக்குங்க மேடம்" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேக்கத் தெரியாது சார் எனக்கு. கூட உக்காரத்தான் தெரியும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, டீ போடப் போய்விட்டேன்.

நான் இன்றும் செயலாளர்தான். கோயிலும் மணியும் நாலு பேரும் இல்லாமல் எனக்குப் பக்தி வராது. அதில் வெட்கமில்லை. ஆனால் நாலு பேரைவிட்டு விலகித் தனியாகத் தேடிப்போன ஒருவர், எங்கள் எல்லோரையும்விட என் வீட்டுக்கு நெருங்கி வந்திருந்தார். அப்படிப்பட்டவரை நான் இழிவுபடுத்தினேன்.

மயானத்துக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. நிஷாவே சிதைக்குத் தீ வைத்தாள். அம்மா சொல்லியிருந்தபடி மந்திரம், பாட்டு எதுவும் இல்லாமல் கொஞ்ச நேரம் எல்லோரும் பேசாமல் நின்றோம். பிறகு அவளருகில் போனேன். "அந்தச் சர்ச் பேச்சை முதல்ல கிளப்பினது நான்தாம்மா" என்றேன்.

"மாலூம் ஹை, தெரியும் அங்கிள்" என்றாள் நிஷா. "அம்மாக்கு அப்பவே தெரியும். ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லாதப்ப, உங்க வீட்டுக்கு ஏன் போறீங்கன்னு நான் ரொம்ப சண்டை போட்டேன். 'அது அவரு மனச உறுத்திக்கிட்டே இருக்கும், பாவம். அவரா சொல்லுத வரைக்கும் நாம கேக்கக் கூடாது'ன்னாங்க. ரோஜ், தினமும் வந்து உக்காந்தது உங்களுக்காகவும்தான் அங்கிள்."

இந்த மலரைப் படிக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வசந்தா மேடம் மதம் மாறவில்லை. மாறியிருந்தாலும் அது அவர் இஷ்டம். மாறியதாக உங்களை நம்பவைத்தவன் நான். இதன் அடியில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

மேடம், எங்கள் வீட்டில் மூன்று மாதம் உட்கார்ந்து நீங்கள் காத்திருந்தது இந்த நாலு வரிக்குத்தான். உங்கள் காதில் சொல்ல வேண்டியதை ஊர் காதில் சொல்லியிருக்கிறேன். போய் வாருங்கள்.