அக்கா என்னிடம் மட்டும் கேட்காதது

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நான் எழுத வேண்டும் என்று சபையார் கேட்டபோது, "ஆலயத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காத என்னையா?" என்று போதகரிடமே கேட்டுவிட்டேன். "கூடப் பொறந்தவர் நீங்க ஒருத்தர்தானே சார், வேற யாரு எழுதுவாங்க?" என்றார் அவர். நியாயம்தான். எனக்கும் அக்காவை விட்டால் வேறு யார் இருந்தார்கள்? ஆகவே எழுதுகிறேன். தகாத வரி ஏதும் வந்துவிட்டால் உறவினரும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது வாலாஜாபாத்தில். அப்பா அங்கே மிஷன் பள்ளியில் ஆசிரியர். நான் சிறுவனாக இருந்தபோதே அம்மா விஷக்காய்ச்சலில் போனார். சில ஆண்டுகளில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அப்போதுதான் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்த அக்காவுக்குக் காஞ்சிபுரத்தில் வேலை கிடைத்தது. என்னையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நெசவாளர் தெருவில், பாதி வீட்டில் எங்கள் குடித்தனம். எதிர் வீட்டில் சிவபூஜை செய்யாமல் தறியில் உட்காராத குடும்பம். அவர்கள்தாம் முதல் நாள் எங்களுக்குச் சோறு போட்டவர்கள். அக்காவுக்கு நல்ல வரன்கள் வந்தன. "தம்பி படிப்பு முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனார். பிறகு வரன்கள் வருவதும் நின்றுபோயிற்று.

நான் சென்னையில் சட்டம் படித்து, இதே ஊர்க் கோர்ட்டில் வக்கீலானேன். அதற்குள் ஜெபமும் ஆராதனையும் என்னை விட்டுப் போயிருந்தன. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறு காலையில் எனக்கு இட்லியை மூடிவைத்துவிட்டுத் தான் மட்டும் ஆலயத்துக்குப் போவார்.

அறுபதுகளின் நடுவில் சபையாருக்கு ஒரு கவலை வந்தது. வேதபாடசாலை முடித்த இளைஞர்கள் கிராமங்களில் நற்செய்தியை நன்றாகச் சொன்னார்கள். டாக்டர், இன்ஜினீயர், வக்கீல் வீட்டுக்குப் போனால் வாயடைத்துத் திரும்பினார்கள். அவர்களைப் பழக்கும் பொறுப்பை அக்காவிடம் ஒப்படைத்தார்கள். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் முன்னறையில் வகுப்பு நடக்கும். அக்காவின் வழி தனி வழி. முதல் சந்திப்பில் வேதப்புத்தகத்தைப் பையை விட்டு எடுக்கக் கூடாது. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் ஒருவர் மனம்விட்டுச் சொன்னதை வெளியே யாரிடமும், பயிற்சி கொடுக்கிற அக்காவிடம்கூட, சொல்லக் கூடாது. இதெல்லாம் பழகிய பிறகு கடைசிப் பரீட்சைக்கு என் ஆபீஸ் அறைக்கு அனுப்புவார். சந்தேகக்காரனுக்கு ஊரெல்லாம் அலைவானேன், வீட்டிலேயே ஒருத்தன் சும்மாக் கிடைக்கிறானே!

"போங்கபா, எங்க தம்பிகிட்ட பேசிட்டு வாங்க. அவன் கடிக்கமாட்டான்" என்று சொல்லி அனுப்புவார். நான் கடித்தேன்.

ஜெயசீலன் என்று ஒரு பையன். நான் வக்கீல் என்பதால் கோர்ட்டு பாஷையிலேயே தயார் செய்துகொண்டு வந்திருந்தான். "உயிர்த்தெழுதலை நேர்ல பாத்த சாட்சிங்க இருக்காங்க சார். கோர்ட்டுல சாட்சியை வெச்சுத்தானே சார் தீர்ப்பு?" என்றான். விடுவேனா? "அப்போ சாட்சியைக் கூண்டுல ஏத்துபா, குறுக்கு விசாரணை பண்ணணும்" என்று பிடித்துக்கொண்டேன். காபி வருவதற்குள் பையனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. எழுந்து உள்ளே ஓடினான். பேச்சு என் அறைக்குக் கேட்டது.

"அவரு கேக்கறதுக்கு எங்கிட்ட பதிலே இல்ல டீச்சர்."

"நீ கேஸ் ஜெயிக்கப் போனியா, மனுசனைப் பாக்கப் போனியா? பதில் இல்லன்னா இல்லன்னு சொல்லு. அதுக்கு ஏன் அழுதுக்கினு இருக்கிறே? மூஞ்சியக் கழுவிக்கினு வா, சாப்பிடலாம்."

அடுத்த வாரம் அதே பையன் மறுபடியும் வந்தான். அட, துணிச்சல்தான் என்று நினைத்தேன். இந்த முறை வாதம் எதுவும் இல்லை. "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க சார். நீங்க எப்போ ஜெபத்தை விட்டீங்க?" என்றான்.

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். அம்மா படுத்திருந்தபோது சபையே எங்கள் வீட்டில் முழங்காலில் நின்றது. அக்கா உபவாசமிருந்து ஜெபித்தார். "அம்மா பொழைச்சுக்கும், அழாதே" என்று என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னதும் அக்காதான். அம்மா பிழைக்கவில்லை. அன்றைக்கு விட்டதுதான்.

"எனக்குத் தெரியல சார்" என்றான் ஜெயசீலன். என் எதிரிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அன்று ஒரு கேஸ் கட்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

பையன் போய்ச் சொல்லியிருப்பான், அக்கா வந்து கேட்பார் என்று காத்திருந்தேன். அக்கா வந்தார். "ராத்திரிக்கு அடையா, தோசையா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதன்பின் எத்தனையோ இளைஞர்கள் வந்தார்கள், போனார்கள். எல்லாரும் என்னை ஆலயத்துக்கு வரும்படி கேட்டார்கள். அக்கா மட்டும் கேட்கவேயில்லை. ஊருக்கெல்லாம் ஆள் அனுப்புகிறவர் சொந்தத் தம்பியைக் கைகழுவிவிட்டாரோ என்று எனக்கு ஆத்திரம்கூட வந்தது. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அக்கா ஒரு தடவை கேட்க மாட்டாரா என்று ஏங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஏக்கம் எனக்கு வருஷக்கணக்காக இருந்தது.

வயிற்றில் வந்த நோய் அக்காவைப் படுக்கையில் தள்ளியது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது நானே கேட்டுவிட்டேன்.

"ஏங்க்கா, ஊர்ப் பசங்களையெல்லாம் எங்கிட்ட அனுப்பினே. நீ மட்டும் ஏன் ஒரு நாளும் கேக்கல?"

"நான் கேட்டா நீ வந்துடுவேபா."

"வந்தா நல்லதுதானே?"

"எனக்காக வருவே. அக்கா நம்மளப் படிக்க வெச்சாளே, கல்யாணம் கட்டிக்காம இருந்தாளேன்னு வருவே. அப்படி வர்ற தம்பி ஆண்டவருக்கு எதுக்கு? எனக்கும் எதுக்கு?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "அம்மா பொழைச்சுக்கும்னு சொன்னியேக்கா" என்றேன். இத்தனை காலம் வெளியே வராத வார்த்தை அது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னேன். அது ஏன் நடக்கலன்னு எனக்கும் இன்னிக்கு வரைக்கும் தெரியலபா. அந்தக் கேள்வி அப்படியே இருக்குது. அதை வெச்சுக்கினுதான் தெனம் ஜெபம் பண்றேன்" என்றார்.

அடுத்த வாரமே அக்கா போய்விட்டார்.

படுக்கையில் இருந்த மாதங்களில் வீடு தேடி வந்து ஊசி போட்ட டாக்டருக்கும், நாள் தவறாமல் வந்து ஜெபித்த போதகருக்கும், அக்காவின் துணிகளையும் கூசாமல் துவைத்துக் கொடுத்த எதிர் வீட்டு அம்மாவுக்கும் நான் என்ன கைம்மாறு செய்வேன்? அடக்கத்தன்று அந்த வீட்டில் தறியை நிறுத்திவிட்டு எல்லாரும் கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்தார்கள். இப்போது ஊழியராக இருக்கும் ஜெயசீலன் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கினார். அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

நான் விசுவாசியாகிவிட்டேன் என்று இந்த மலரில் எழுதினால் சபையார் மகிழ்வார்கள். ஆனால் அது பொய். கல்லறையருகே போதகர், "மறுபடியும் சந்திப்போம்" என்றார். அது மட்டும் உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று அன்றிலிருந்து மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தின் வாசல்வரை போய் நிற்கிறேன். உள்ளே போக முடியவில்லை. உனக்காக வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாயே அக்கா. வேறு யாருக்காக நான் வருவேன்?