பால் பூத் வரைக்கும் நான்

எங்கள் பைக்கில் ஒரு நடைமுறை இருந்தது. சாயங்காலம் என் அலுவலகத்திலிருந்து கிளம்பினால் நான் ஓட்டுவேன், வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து வருவார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நிறுத்தி முருங்கைக்காயும் தேங்காயும் வாங்கிக்கொண்டால், பாராபுல்லா மேம்பாலம், யமுனைப் பாலம், அதற்கப்புறம் வரும் நெரிசல் எல்லாம் என் பாடு. மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக்கு முந்தின திருப்பத்தில் ஒரு பால் பூத் இருக்கிறது. அங்கே வந்ததும் என் தோளில் இரண்டு தட்டு விழும்.

"நிறுத்து. இனிமே நான் ஓட்டுதேன்."

நான் இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு, பின்னால் ஏற வேண்டும். அவர் முன்னால் உட்கார்ந்து, நெஞ்சை நிமிர்த்தி, கேட்டுக்குள் ஓட்டிப் போவார். பாதி டெல்லியைத் தாண்டிக் கொண்டுவந்தவள் நான். வீட்டில் கொண்டு சேர்த்தவர் அவர்! இந்தக் கூத்தை நானும் சில வருஷம் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

காரணம், குடியிருப்பின் கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் கிடக்கும் ஒரு பெஞ்சு. ரிட்டயரான ஆண்கள் சாயங்காலம் அங்கேதான் உட்காருவார்கள். பாதிப் பேர் நம் ஆட்கள். முதல் தடவை இவர் என் பின்னால் உட்கார்ந்து வந்த அன்றைக்கு அவர்களில் ஒருவர், "என்ன சார், டிரைவர் வெச்சாச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்த மனுஷர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். இவர் மறக்கவில்லை.

இவருக்கு இடது முழங்கால் தேய்ந்துபோயிற்று. கியர் போடுவது அந்தக் கால், சிக்னலில் ஊன்றி நிற்பதும் அந்தக் கால். டாக்டர் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். நல்ல வண்டி, சும்மா நின்று தூசி படிந்துகொண்டிருந்தது. நான் கற்றுக்கொள்கிறேன் என்றேன். "இந்த வயசுல கியர் வண்டியா? ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கோயேன்" என்று சொல்லாத ஆள் இல்லை. வீட்டில் ஒரு வண்டி நிற்கும்போது இன்னொன்று எதற்கு? ஐம்பதை நெருங்கும் வயதில், வண்டி பழக்கிவிடும் ஒரு பெண்ணிடம் போய்ப் பழகினேன். கிளட்ச்சை விட்டுவிட்டு எத்தனையோ தடவை வண்டியை அணைத்தேன். ஆனால் பழகிவிட்டேன்.

அதற்கு முந்தின கதையும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி நான் வந்தது சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கு. இவரிடம் ஒரு நூறு சி.சி. வண்டி இருந்தது. அப்போது பெண் என்றால் ஒருச்சாய்ந்து உட்கார வேண்டும், அதுவும் புடவையில். ஒரு கையில் முந்தானை சக்கரத்துக்குள் போகாமல் பிடிக்க வேண்டும், இன்னொரு கையில் குழந்தை, மடியில் காய்கறிப் பை. இவர் போட்ட சட்டங்கள் தனி. திருப்பத்தில் பேசக் கூடாது. பின்னால் அசையக் கூடாது. டிசம்பர் பனியில் இவர் ஸ்வெட்டருக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வார். எனக்கு ஒரு சால்வை, அது பறக்கும். இவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். பெண்கள் போடவேண்டாம் என்று டெல்லியில் ரொம்ப காலம் விட்டுவைத்திருந்தார்கள். எங்கள் மண்டை உடைந்தால் யாருக்கும் கவலை இல்லை போலிருக்கிறது. இவர் கடைக்குள் போகும்போது ஹெல்மெட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போவார். நான் வெறும் தலையோடு அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தோன்றியதில்லை என்பதுதான் இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பால் பூத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் கூடும். முட்டிக்கும் தோளுக்கும் கவசம், ஹெல்மெட் மேல் கேமரா, காதுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவி. எல்லோரும் சேர்ந்து ஹரியானா பக்கம் முர்த்தலுக்குப் போய் பராத்தா தின்றுவிட்டு வருவார்கள். பாதிப் பேர் பெண்கள். என் வண்டியை விட இரண்டு மடங்கு கனமான வண்டியை ஒரு ஒல்லிப் பெண் அநாயாசமாகத் திருப்புகிறாள். ஒரு நாள் வண்டியில் பால் வாங்கப் போன என்னைப் பிடித்து நிறுத்தி, "ஆன்ட்டி, பைக் நீங்களேவா ஓட்டறீங்க? வாவ்!" என்று வீடியோ எடுத்தார்கள். அலுவலகத்திலும் அதே பாட்டுதான். "காலம் எவ்வளவு மாறிப்போச்சு பாருங்க மேடம்!"

என்ன மண்ணாங்கட்டி மாறிப்போச்சு? வண்டி மாறியது, உடுப்பு மாறியது. சாயங்காலமானால் அதே பூத்துக்கு முன்னால், வீடியோ எடுக்க யாரும் இல்லாதபோது, நான் இறங்கிப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தேனே! அதை எந்தக் கேமரா எடுத்தது?

அப்படி ஏறிப்போன ஒரு சாயங்காலம்தான் விழுந்தோம். கேட்டில் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. காவலாளி தடுப்புக் கட்டையைத் தூக்கத் தாமதித்தான். இவர் பிரேக் போட்டு இடது காலை ஊன்றினார். கால் தாங்கவில்லை. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து, அதன் மேல் இவர், இவர் பக்கத்தில் நான். என் முழங்கை தோலுரிந்து ரத்தம் வந்தது. தேங்காய் உருண்டு பெஞ்சுக்கடியில் போய் நின்றது. எல்லோரும் ஓடிவந்து இவரைத் தூக்கினார்கள். "என்ன ஆச்சு சார், என்ன ஆச்சு?"

இவர் பேன்ட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார். "ஒண்ணுமில்ல. இவ பின்னால ஆடிட்டா."

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ரொம்பப் பரிவாக, "பின்னாடி ஆடாம உட்காரணும்மா" என்று எனக்குப் புத்தி சொன்னார். எனக்கு! அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை நானே ஒற்றையாளாகத் தூக்கி நிறுத்தியிருப்பேன்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். "என்னத்துக்கு அப்படிச் சொன்னிய?"

"வேற என்ன சொல்லச் சொல்லுத? கால் ஊனலன்னா?"

"ஆமா. அதான நடந்துச்சு?"

"சும்மா கெட. சின்னக் காயம், அதுக்குப் போயி."

"காயத்த யாரு கேட்டா? இத்தன நாளா ஒரு கீறல் இல்லாம கூட்டிட்டு வந்தேன். அத்தன பேரு முன்னால ஒரே வார்த்தையில என்னைய உக்காரத் தெரியாதவளாக்கிட்டிய. இனிமே பால் பூத்துல நிறுத்த மாட்டேன், சொல்லிட்டேன். கேட்டுக்குள்ளயும் நான்தான் ஓட்டுவேன்."

"அப்போ நான் வரல."

"வராதிய."

வரவும் இல்லை. இவருடைய பிசியோதெரபி கிளினிக் என் அலுவலகத்துக்குப் பக்கத்தில்தான். மத்தியானம் மெட்ரோ காலியாக இருக்கும், உட்கார்ந்தே போய்விடலாம். திரும்பும்போது நிற்கத்தான் இடம் கிடைக்கும். மூன்று வாரம் ரோஷத்தோடு நின்றுகொண்டே வந்தார். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. காலுக்கு வைத்தியம் பார்க்கப் போய், அந்தக் காலையே கெடுத்துக்கொண்டு வருகிற மனுஷரை என்ன சொல்ல? வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று வரும் என்று எதிர்பார்த்தேன். "தண்ணி சூடு பத்தல" என்றார்.

போன மே மாதத்தில் ஒரு நாள், கிளினிக் வாசலில் நான் வண்டியோடு நின்றேன். வந்து ஏறினார். சரி, ஒரு வழியாக இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அன்றைக்கு நெரிசல் கூட உறுத்தவில்லை.

பால் பூத் வந்தது. தோளில் தட்டு விழுந்தது, இரண்டு. நான் நிறுத்தவில்லை. மறுபடியும் தட்டினார், கொஞ்சம் பலமாக. நான் மூன்றாவது கியரிலேயே திருப்பத்தைத் தாண்டினேன். பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் புழுக்கத்தில், ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை இவர் முகத்தின் மேல் இழுத்து மூடியிருந்தார்.

கேட்டில் புதிதாக வந்த காவலாளி. தினமும் காலையில் வண்டியில் போகிற என்னை அவனுக்குத் தெரியும். கட்டையைத் தூக்காமல் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"மேடம், பீச்சே கௌன் ஹை? விசிட்டர்?"

பின்னால் யார் என்று கேட்கிறான். நான் எஞ்சினை அணைத்தேன். வேண்டுமென்றேதான். கண்ணாடியைத் தூக்கி முகத்தைக் காட்டட்டும், நான் இவள் புருஷன் என்று இவர் வாயாலேயே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பெஞ்சில் பேச்சு நின்று எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹாங் பையா," என்றது கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு குரல். "விசிட்டர்."

முப்பது வருஷம் இந்த ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறேன், ஒரு நாளும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. காவலாளி இப்போது என்னைப் பார்த்தான். விசிட்டர் யார் வீட்டுக்கு என்று கேட்டான்.

"என் வீட்டுக்குத்தான்" என்று இந்தியில் சொன்னேன். கட்டை மேலே போனது.