நிற்க வேண்டிய இடம்

நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். இருட்டில் நடந்திருந்தால், கண் ஏமாற்றிவிட்டது என்றாவது மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். அந்தச் சமாதானமும் அவளுக்கு இல்லை.

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கண்கொத்தி’ என்று பெயர். எந்தப் பிழையாலும் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. அவளுடைய தம்பிக்கும் அங்கேதான் வேலை. மூக்கில் பாதியை மறைக்கும் தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவன் ‘சோடாபுட்டி’. அவன் எழுதிக்கொண்டிருந்தது ஒரு டீபக்கர். ஒரு புரோகிராம் பாதியில் செத்து விழுந்தால், கடைசியாக ஓடியது எது, அதை ஏவியது எது, அதையும் ஏவியது எது என்று படிப்படியாகப் பின்னோக்கிப் போய்க் காட்டும் கருவி. அப்படிப் போக ஒவ்வொரு படியிலும் ஒரு வழிக்குறிப்பு வேண்டும். குறிப்பு பாதியில் அறுந்திருந்தால், டீபக்கர் குத்துமதிப்பாக எதையாவது காட்டக் கூடாது. ‘இதற்குமேல் தெரியவில்லை’ என்று நின்றுவிட வேண்டும். நிற்கிறதா என்று சோதிப்பதுதான் அவள் வேலை.

அன்று விடுமுறை. மூன்றாவது மாடியில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். ஜன்னல் இல்லாத சின்ன அறை, சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. செத்து விழுவதற்கென்றே எழுதிய ஒரு புரோகிராமில், நடுவிலிருந்த வழிக்குறிப்புகளை அவள் அழித்து வைத்திருந்தாள். சரியாக மூன்று மணிக்குச் சோதனையை ஓடவிட்டாள். இனி யாரும் விசையைத் தொட வேண்டாம். அதுவே ஒவ்வொரு படியாகப் பின்னால் போகும்.

“கண்டிப்பா நிக்கும்க்கா. என்ன பந்தயம்?”

“முதல்ல நிக்கட்டும். அப்புறம் பீத்திக்கோ.”

மூன்று படிகள் ஒழுங்காக வந்தன. நான்காவதில் குறிப்பு இல்லை. நிற்க வேண்டிய இடம்.

நிற்கவில்லை. பெயருக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகளோடு ஒரு வரி வந்தது.

“போச்சுடா. தோத்துட்ட,” என்று சிரித்தபடி திரும்பினாள்.

தம்பி இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் நீலம் பாரித்திருந்தது. கழுத்துத் தோலில் விரல்கள் அழுந்திய குழிகள்... அவனுடைய விரல்களைவிட இரண்டு மடங்கு தடிமன். அவள் ஓடிப்போய் அந்தக் கைகளை விலக்கினாள். குழிகள் இன்னும் ஆழமாயின. தொண்டைக்குள் ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது.

பிடி சட்டென்று விட்டது. அவன் நாற்காலியோடு முன்னால் சரிந்தான்.

திரையில் அடுத்த கேள்விக்குறிகள்.

அவனுடைய இடது கை தானாக உயர்ந்தது. முறுகியது. மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கி... ‘டக்’. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

“அக்கா... அக்கா...”

அடுத்த வரி.

பின்னந்தலை முடியைக் கொத்தாக யாரோ பிடித்ததுபோல அவன் தலை நிமிர்ந்தது. மேஜை விளிம்பில் மோதியது. மறுபடி மோதியது. கண்ணாடி உடைந்து புருவத்துக்குள் இறங்கியது.

வரி வந்தால் அடி விழுகிறது.

அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தும் விசையைக் குத்தினாள். ரத்தத்தில் விரல் வழுக்கியது. நிற்கவில்லை.

அடுத்த வரி.

இந்த முறை அடி அவளுக்கு. வயிற்றில் ஒரு உதை. சுவரில் போய் விழுந்தாள். வாய்க்குள் ஒரு பல் உருண்டது.

தரையில் தவழ்ந்தாள். மின்கம்பியைப் பிடித்தாள்.

பிடுங்கினாள்.

திரை அணைந்தது.

அமைதி...

டொக்... டொக்...

கதவு. மெதுவாக, மரியாதையாக.

அவளுக்கு இப்போது புரிந்தது. டீபக்கரைப் போலவே எல்லாமே பின்னாலிருந்து முன்னால் வந்திருக்கிறது. கழுத்து நெரிந்தது கடைசியில் நடக்க வேண்டியது. அப்படியானால்... இந்தத் தட்டல்தான் ஆரம்பம்.

திறக்கக் கூடாது. திறக்காவிட்டால் தம்பி செத்துவிடுவான்.

டொக்... டொக்...

திறந்தாள்.

யாருமில்லை.

அவனை அக்குளில் கைகொடுத்து மாடிப்படி வரை இழுத்துக்கொண்டு போனாள். அவள் போட்ட கூச்சலில் கீழேயிருந்து காவலாளி ஓடிவந்தார்.

தம்பி பிழைத்துவிட்டான். பல வாரங்கள் கழித்து, கரகரத்த குரலில் அவன் கேட்ட முதல் கேள்வி: “அந்த ஆளை ஏன்க்கா உள்ள விட்ட?”

“எந்த ஆளுடா?”

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாளே அவள் காவலாளியிடம் போய், அந்த விடுமுறை நாளின் வராந்தா கேமரா பதிவைக் காட்டச் சொன்னாள். மூன்று பத்துக்கு அவள் கதவைத் திறந்து தம்பியை இழுத்துக்கொண்டு வருவது இருந்தது. அவளுக்கு நினைவிருந்தபடியே.

“இது இல்லம்மா. இதுக்கு முன்னாடி பாருங்க,” என்றார் அவர்.

இரண்டு ஐம்பது. சோதனையைத் தொடங்கவே இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. வெறிச்சோடிய வராந்தா. கதவு உள்ளிருந்து திறக்கிறது. அவள் எட்டிப் பார்க்கிறாள். எதிரே ஒருவரும் இல்லை. ஆனாலும் ‘வாங்க, வாங்க’ என்று அவள் உதடு அசைகிறது. ஒதுங்கி வழிவிடுகிறாள். கதவு மூடிக்கொள்கிறது.

அவளுக்கு இது எதுவும் நினைவில் இல்லை.

அவர் பதிவை நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினார். அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

நன்றாகத் தெரிந்த ஒருவரை வெகுநாள் கழித்துப் பார்க்கிறவளின் முகம்.